ஐயாயிரம் ரூபாய் புரொஜெக்டர் டிவிக்கு மாற்றாகுமா?

கேள்வி: எங்கள் வீட்டு 32 இன்ச் எல்இடி டிவி எட்டு வருடம் உழைத்தது. போன மாதம் திடீரென்று படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது. புது டிவி வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது மகன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். கைக்கு அடக்கமான புரொஜெக்டர், 130 இன்ச் படம், 4கே, 12,000 லுமென்ஸ், விலை 4,999 ரூபாய். கண்ணுக்கும் நல்லது என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஹால் பத்துக்குப் பதினான்கு அடி, மேற்குப் பார்த்த ஜன்னல் உண்டு. மத்தியானம் மாமியார் சீரியல் பார்ப்பார், சாயங்காலம் பிள்ளைகள், ராத்திரி கணவர் கிரிக்கெட். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. டிவிக்குப் பதில் இதை வாங்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் டிவி இருந்த இடத்தை இந்தப் பெட்டியால் நிரப்ப முடியாது. வாங்க வேண்டாம். அதற்காக இந்த வகைப் பெட்டிகள் எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். இதை வைத்துக்கொண்டு மனசு நிறைய படம் பார்க்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் பார்க்கிற நேரம் வேறு, பார்க்கிற அறை வேறு.

கோவையில் பத்தொன்பது வருடமாகப் புரொஜெக்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். முன்பெல்லாம் என் மேஜைக்கு வருவது பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஆபீஸ் புரொஜெக்டர்கள். இப்போது வாரத்துக்கு நாலைந்து இந்தச் சின்னப் பெட்டிகள் வந்துவிடுகின்றன. கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "படம் மங்கலாவே இருக்குதுங்க, ஏதாவது செட்டிங் மாத்தணுமா?" மாற்ற ஒரு செட்டிங்கும் கிடையாது. பெட்டியும் கெடவில்லை. அதன் வெளிச்சமே அவ்வளவுதான். அதை அவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் வாங்குவதற்கு முன்னால் நீங்கள் எழுதிக் கேட்டது சந்தோஷம்.

முதலில் அந்த 12,000 லுமென்ஸ். புரொஜெக்டர் சுவரில் கொட்டுகிற வெளிச்சத்தை அளக்க ஒழுங்கான முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான ஏஎன்எஸ்ஐ 1992-இல் வகுத்தது. வெள்ளைப் படத்தைத் திரையில் போட்டு, அதை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அளந்து சராசரி எடுத்து, அதைப் படத்தின் பரப்பளவால் பெருக்குவார்கள். அதற்குப் பெயர் 'ஆன்சி லுமென்ஸ்'. உங்கள் மகன் காட்டிய விளம்பரத்தில் 'ஆன்சி' என்ற சொல் இருக்காது. இருந்தால் அதன் பக்கத்தில் 12,000 இருக்காது. உண்மையாகவே 12,000 ஆன்சி லுமென்ஸ் தருகிற புரொஜெக்டரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், விலையும் லட்சங்களில். ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டிகளில் நல்லதாக அமைந்தது 200 ஆன்சி லுமென்ஸ் தந்தால் அதுவே பெரிது.

நடுவில் வெளிச்சம் எங்கே போகிறது? பெட்டிக்குள் ஒரு எல்இடி, அதன் முன்னால் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய, படத்தை உருவாக்குகிற ஒரு எல்சிடி கண்ணாடி. அந்தக் கண்ணாடி வேலை செய்ய வெளிச்சம் முதலில் போலரைசர் என்ற தாளைக் கடக்க வேண்டும். அங்கேயே பாதி போய்விடும். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி. அதில் மூன்றில் இரண்டு பங்கு போகும். மிச்சத்தில் கொஞ்சத்தை லென்ஸ் சாப்பிடும். வழியில் தொலைந்த இந்த வெளிச்சம் பூராவும் பெட்டிக்குள் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சரி, 200 லுமென்ஸ் என்றே வைத்துக்கொண்டு உங்கள் ஹாலுக்குக் கணக்குப் போடுவோம். 130 இன்ச் படம் என்றால் ஏறக்குறைய 2.9 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம். உங்கள் பத்தடிச் சுவர் முழுக்க நிறைந்துவிடும். பரப்பளவு 4.7 சதுர மீட்டர் அளவுக்கு வருகிறது. 200 லுமென்ஸை அதில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 43 கூட முழுசாக வராது. இதை லக்ஸ் என்பார்கள். நான் வேலைக்குப் போகிற வீடுகளில் லக்ஸ் மீட்டரைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு எல்இடி ட்யூப்லைட் எரிகிற ஹாலில் சுவரில் விழுவதே நூறு லக்ஸைச் சுற்றி இருக்கும். மத்தியானம் ஜன்னல் திறந்திருந்தால் பல மடங்கு. ஆக, ட்யூப்லைட் சுவரில் பூசுகிற வெளிச்சத்தில் பாதியைக்கூட உங்கள் புரொஜெக்டர் பூசாது. மாமியார் சீரியல் பார்க்கிற நேரத்தில் சுவரில் ஏதோ அசைவது தெரியும், யார் முகம் என்பது தெரியாது.

இதில் இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. புரொஜெக்டரால் வெளிச்சத்தை மட்டும்தான் அனுப்ப முடியும், கறுப்பை அனுப்ப முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் பார்ப்பது உங்கள் சுவரைத்தான். ஹாலில் லைட் எரிந்தால் அந்தச் சுவர் வெள்ளையாகத் தெரியும். தலைமுடி, கண்மை, இரவுக் காட்சி எல்லாம் சாம்பல் பூத்துவிடும். டிவி அப்படி இல்லை, அதன் திரை அணைந்திருக்கும்போதே கறுப்பு.

எங்கள் ஊர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவருக்குப் பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களிலும் பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம். கீற்றுக்கொட்டகைக்குள் பகலை வெளியே நிறுத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த விதி மாறவில்லை.

இதே பெட்டி எங்கே நன்றாக இருக்கும் என்றால், இருட்டு அறையில் 60 இன்ச் அளவுக்குப் படத்தைச் சுருக்கும்போது. 60 இன்ச் படம் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். அதே 200 லுமென்ஸ் அங்கே 200 லக்ஸாக விழும். லைட்டை அணைத்துவிட்டால் சினிமா கொட்டகைக்கு ஒப்பான வெளிச்சம் அது. விளம்பரத்தில் 130 போட்டிருந்தால் 60, 70 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 4கே. இதில் ஏமாற்று முழுக்க 'சப்போர்ட்' என்ற ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. 4கே படம் என்றால் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். இந்த விலைப் பெட்டிகளில் இப்போது பரவலாக வருவது 1280-க்கு 720, அதாவது சுமார் 9.2 லட்சம் புள்ளிகள். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒன்பது புள்ளிக்கு ஒன்று வீதம் சுவரில் காட்டும். அது 'சப்போர்ட்'. நீங்கள் தேட வேண்டிய சொல் 'நேட்டிவ் ரெசல்யூஷன்', அதாவது பெட்டி உண்மையிலேயே சுவரில் காட்டுகிற புள்ளிகளின் எண்ணிக்கை. இன்னும் மலிவான சில பெட்டிகளில் அது 320-க்கு 240 மட்டுமே. அதில் ஸ்கோர்கார்டு எழுத்தைப் படிக்கவே முடியாது. பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு 'கீஸ்டோன்' போட்டு நேராக்கினால் இருக்கிற புள்ளிகளிலும் கொஞ்சம் வீணாகும்.

இப்போது அந்தச் சூடு. போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த பெட்டியைத் திறந்தேன். வாங்கி ஏழு மாதம். படத்தின் நடுவில் டீ கொட்டிக் காய்ந்த மாதிரி பழுப்பு வட்டம், ஓரமாக அங்கங்கே மங்கலான பொட்டுகள். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினதும் முதலில் தெரிந்தது ஃபேன் இறக்கையில் அப்பியிருந்த சாம்பல் நிறப் பஞ்சு. நல்ல புரொஜெக்டர்களில் எல்சிடிக்குத் தூசி போகாமல் தடுக்க மூடிய அறையோ காற்று வடிகட்டியோ இருக்கும். இதில் ஃபேன் வெளியிலிருந்து இழுக்கிற காற்று நேராக எல்சிடி மேலேயே வீசுகிறது. நம் ஊர்த் தெருப்புழுதி, மெத்தைப் பஞ்சு, தாளிக்கிற எண்ணெய்ப் புகை எல்லாம் அந்தக் கண்ணாடியில் போய் உட்காரும். தீப்பெட்டி அளவுக் கண்ணாடி நூறு இன்ச்சாக விரிகிறது என்றால் முப்பத்தைந்து மடங்குக்கும் மேல் பெருக்கம். ஒரு மில்லிமீட்டர் பஞ்சு சுவரில் மூன்றரை சென்டிமீட்டர். அந்தப் பழுப்பு வட்டம், சூட்டில் கருகிய போலரைசர் தாள். தாள் கிடைத்தால் மாற்றலாம். எல்சிடியே போய்விட்டால் அதன் விலையும் கூலியும் சேர்ந்து புதுப் பெட்டியின் விலைக்கு வந்துவிடும். அந்தத் தம்பிக்குத் துடைத்து, தாள் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வருடம் திரும்ப வருவார், அதையும் அவரிடமே சொல்லித்தான் அனுப்பினேன். விளம்பரத்தில் "முப்பதாயிரம் மணி நேரம் உழைக்கும்" என்று இருப்பது எல்இடி பல்புக்கான கணக்கு. பல்பு நன்றாக இருக்கும்போதே ஃபேனும் தாளும் போய்விடுகின்றன.

உங்கள் வீட்டில் டிவி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது ஓடும் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. இந்தப் பெட்டிகள் அதற்குத் தாங்காது. வாரத்துக்கு இரண்டு படம் பார்க்கிற வீட்டில் இதே பெட்டி மூன்று வருடம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

கேபிள் கனெக்‌ஷன் விஷயமும் இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் இப்போது டிவிக்குக் கீழே இருக்கும். புரொஜெக்டரோ எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். 130 இன்ச் வேண்டுமென்றால் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி. ஆக, எட்டுப் பத்து மீட்டர் எச்டிஎம்ஐ வயரை ஹாலைச் சுற்றி இழுக்க வேண்டும். அப்புறம் பத்தடி ஹாலில் யாராவது சமையலறைக்குப் போக எழுந்தால் அவர் நிழல்தான் படத்தில் விழும்.

உள்ளே இருக்கிற ஆண்ட்ராய்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் அக்கறையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூகுளின் சான்றிதழ் கிடையாது. பெரிய ஓடிடி ஆப்கள் ஒன்று ஓடாது, அல்லது பழைய டிவிடி தரத்தில் ஓடும். அதைச் சரிக்கட்ட மூவாயிரம், நாலாயிரத்துக்கு, செருகினால் ஓடிடி ஆப்கள் ஓடுகிற ஒரு ஸ்டிக் தனியாக வாங்குகிறார்கள். அதைவிட முக்கியம் பாதுகாப்பு. அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. பெயர் தெரியாத ஸ்ட்ரீமிங் பெட்டிகள், டிஜிட்டல் புரொஜெக்டர்கள் போன்றவை கடைக்கு வரும் முன்பே தீங்கான மென்பொருள் ஏற்றப்பட்டு வருகின்றன, வாங்கியவர் வீட்டு இன்டர்நெட்டைக் குற்றவாளிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது அதன் சாரம். இப்படிச் சிக்கிய கருவிகளின் வலைப்பின்னலுக்குப் பேட்பாக்ஸ் 2.0 என்று பெயர். அதனால் பெயர் தெரியாத பெட்டி எதிலும் உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்த ஜிமெயிலைப் போட்டு உள்ளே நுழையாதீர்கள். முடிந்தால் வைஃபையே கொடுக்காமல், நம்பகமான ஸ்டிக்கையோ லேப்டாப்பையோ எச்டிஎம்ஐயில் செருகிப் பார்ப்பது நல்லது.

"கண்ணுக்கு நல்லது" என்பதற்குச் சுருக்கமாக. தள்ளி உட்கார்ந்து பார்ப்பது கண்ணுக்குச் சிரமம் குறைவு, அது டிவிக்கும் பொருந்தும். மங்கலான, ஓரம் கலங்கிய படத்தை உற்று உற்றுப் பார்த்தால் கண் களைத்துத்தான் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: சின்னப் பிள்ளைகள் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்க விடக்கூடாது.

அப்படியென்றால் யார் வாங்கலாம்? பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அறை மாற்றுகிற பேச்சிலர் பையன்கள் வாங்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு டிவி இருந்து, ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்து ஐபிஎல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வாங்கலாம். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் துணிக்கொடியில் எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டி அதில்தான் பார்க்கிறது. ஒற்றையாகக் கட்டினால் வெளிச்சம் பின்னால் போய்விடுகிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். சுவர் என்றால் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் போதும். எனாமல் அடித்த சுவரில் நடுவில் மட்டும் ஒளி அடிக்கும்.

வாங்குகிறவர்கள் ஆன்சி லுமென்ஸ், நேட்டிவ் ரெசல்யூஷன் இரண்டையும் எழுத்தில் போட்டிருக்கிற பெட்டியை, ஊரில் சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியிடம் வாங்க வேண்டும். அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மட்டமான அடாப்டர் பெட்டியோடு வீட்டையும் சேர்த்து எரித்துவிடும். வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கிற நாள் முடிவதற்குள், தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைக் காட்டி நடுவில் ஃபோகஸ் வையுங்கள். நாலு மூலையிலும் எழுத்து வாசிக்க வருகிறதா? வெறும் வெள்ளையைக் காட்டுங்கள். கறை, பொட்டு உண்டா? சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஃபேன் இரைச்சலைக் கேளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால், விற்றவர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம்.

சிலர் உங்களிடம் பழைய ஆபீஸ் புரொஜெக்டரை வாங்கச் சொல்வார்கள். 3,000 ஆன்சி லுமென்ஸ் உள்ள பழையது பத்தாயிரத்தைச் சுற்றிக் கிடைக்கும்தான். ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே படம் தெரியும். ஆனால் அதில் இருப்பது எல்இடி இல்லை, பழைய வகை விளக்கு பல்பு. நாலாயிரம், ஐயாயிரம் மணி நேரம்தான் ஆயுள். எட்டு மணி நேரம் ஓடுகிற உங்கள் வீட்டில் புது பல்பே ஒன்றரை வருடத்தைச் சுற்றித்தான் வரும், அவ்வளவுதான். மாற்றுப் பல்பு பல ஆயிரம். கரண்ட் போகப் போக ஆயுள் இன்னும் குறையும். உங்களுக்கு அது வேண்டாம்.

உங்கள் 15,000-க்குள் நல்ல 32 இன்ச் டிவி கிடைக்கிறது. 43 இன்ச் வேண்டுமென்றால் இன்னும் ஐந்தாறாயிரம் சேர்க்க வேண்டியிருக்கும். 2025 செப்டம்பரிலிருந்து 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால் முன்பைவிடக் கொஞ்சம் சுலபம்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த விளம்பரம் இல்லை, "படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த வரி. இன்றைக்கு ராத்திரி ஹாலில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு அந்தப் பழைய டிவியைப் போடுங்கள். சீரியல் சத்தம் வரட்டும். போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், கொஞ்சம் சாய்வாகப் பிடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வெளிச்சம் படுகிற இடத்தில் ஆட்களின் உருவம் நிழல்போல அசைகிறதா? அசைந்தால் திரை நன்றாகத்தான் இருக்கிறது, பின்னால் இருக்கிற எல்இடி பட்டைதான் அவிந்துபோயிருக்கிறது. எட்டு வருட டிவியில் அடிக்கடி வருகிற பழுது இது. 32 இன்ச்சுக்குப் பட்டையும் கூலியும் சேர்த்துப் பெரும்பாலும் 1,500-லிருந்து 3,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நீங்களே பின்பக்கத்தைத் திறக்காதீர்கள், பவர் போர்டில் ஒயரைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் தேங்கியிருக்கும். டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியாவிட்டால் போர்டு, பேனல் என்று எதுவாகவும் இருக்கலாம். அப்போது செலவைக் கேட்டுவிட்டு, நாலாயிரத்தைத் தாண்டினால் புது டிவிக்குப் போய்விடுங்கள்.

உருவம் தெரிந்தால் டிவி மெக்கானிக்கிடம் "பேக்லைட் போயிருக்குது, டார்ச் அடிச்சுப் பார்த்தோம், படம் தெரியுது" என்று சொல்லுங்கள். ஒன்றிரண்டு பல்பை மட்டும் மாற்றாமல் பட்டைகளை முழு செட்டாக மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் மிச்சமிருக்கிற பழைய பல்பும் ஒவ்வொன்றாகப் போகும். சரியாகி வந்ததும் பிரைட்னஸை எழுபதுக்குக் குறைத்து வையுங்கள், பட்டை நாள்படும். என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள்.